இருட்டுக்குப் பயந்த விண்வெளி வீரன்

"வளர்ந்து என்னவாக வரப் போகிறீர்கள்?" பிள்ளைகளைக் கூட்டி வைத்து இந்தக் கேள்வியைக் கேட்பது எம்மைப் போன்ற சமூக சேவையாளர்களின் வழக்கம். பதில்களும் பழகிப் போனவையே. டொக்டர், டீச்சர், பொலிஸ் என்பார்கள். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் "கொழும்புக்குப் போவேன்" என்று மட்டும் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அதுவே ஒரு தொழில் போல.

2018ஆம் ஆண்டு ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கான வாசிப்பு வகுப்பை நடத்தி வந்தோம். அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, "நான் ரொக்கெட்டில வானத்துக்குப் போவேன்" என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கனடாவிலுள்ள என் பல்கலைக்கழகத் தோழி அனுப்பிய ஒரு சித்திரக் கதைப் புத்தகம் எனது பைக்குள் இருந்தது. அடுத்த வாரமே அதை வாசிக்கத் தீர்மானித்தேன்.

'த டார்க்கெஸ்ட் டார்க்' என்பது அதன் பெயர். 'மிக இருண்ட இருட்டு' என்று தமிழில் சொல்லலாம். 2016இல் வெளிவந்தது. எழுதியவர் கிறிஸ் ஹட்ஃபீல்ட். விண்வெளியில் நடந்த முதலாவது கனேடியர் இவர்தான். 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் தளபதியாகவும் இருந்தவர். படங்களை வரைந்தவர்கள் ஃபேன் சகோதரர்கள் என்று அழைக்கப்படும் டெரி, எரிக் என்னும் இருவர். கதை ஹட்ஃபீல்டின் சொந்தக் கதை. கிறிஸ் என்ற சிறுவன் வீட்டுக்குள்ளே விண்வெளி வீரனாக விளையாடுகிறான். குளிக்கும் தொட்டி அவனது விண்கலம். பகலெல்லாம் இப்படி வீரனாக இருப்பவன், இரவானதும் தன் அறையில் தனியே படுக்கப் பயப்படுகிறான். இருட்டு முழுவதும் வேற்றுக்கிரக வாசிகள் ஒளிந்திருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. பெற்றாரின் கட்டிலுக்கு ஓடிப் போகிறான். அறையில் தனியாகத் தூங்காவிட்டால், நாளைக்கு அயல்வீட்டுத் தொலைக்காட்சியில் நிலவுப் பயணம் பார்க்க முடியாது என்று தாயும் தகப்பனும் சொல்லி விடுகிறார்கள். அந்த நாளைக்கு என்பது 1969 யூலை 20. மனிதர் முதன்முதலில் நிலவில் கால் வைத்த நாள். சனங்களோடு சனமாக நின்று பார்க்கும்போது, விண்வெளிதான் எல்லாவற்றிலும் பெரிய இருட்டு என்பதைச் சிறுவன் கண்டு கொள்கிறான். அன்றிரவு தன் அறை இருட்டை வேறு கண்ணால் பார்க்கிறான். அப்போது ஹட்ஃபீல்டுக்கு ஒன்பது வயது. எங்கள் சிறுமியின் வயது.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் எழுதிய காகிதக் கீற்றுகளைக் கோதுமை மாப் பசையால் ஆங்கில எழுத்துகளுக்கு மேலே ஒட்டினேன். பிற மொழிப் படப் புத்தகம் கையில் கிடைக்கும் எவரும் இதைச் செய்யலாம், செலவே இல்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு இந்த வகைப் புத்தகம் இன்னும் வசதி. படத்தைப் பார்த்துத் தாங்களே கதை சொல்லி விடுவார்கள். சில சமயம் நான் ஒட்டிய தமிழை விட அவர்கள் சொன்னது நன்றாக இருந்தது.

பிள்ளைகளை மட்டும் வைத்து வாசிக்காமல் தாய்மாரையும் அழைத்தேன். அங்கே வந்தவர்களில் மூன்று நான்கு பேர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மாத்தளையிலிருந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களுக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். கலவரத்துக்குத் தப்பி யுத்தத்துக்குள் போனவர்கள். 2009க்குப் பிறகு மெனிக் ஃபாம் முகாமில் இருந்து விட்டு, மாமன் வீடு, சித்தப்பா வீடு என்று இந்தப் பக்கம் திரும்பியவர்களும் உண்டு. கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி மாத்தளை ஊடாகத்தான் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறது. போனதும் வந்ததும் ஒரே தெருதான்.

நிலவுக்குப் புறப்படும் பக்கத்தைத் திறந்து ரொக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது ஒரு தாய் முகத்தைத் திருப்பிக் கொண்டார். "ரொக்கெட் எண்டா எங்களுக்கு வேற ஒண்டு, மிஸ்" என்றார். பல வருடங்கள் வன்னியில் இருந்ததால் அவரது பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது. அவருக்கு வானம் என்றால் கிபிர் விமானம் வரும் திசை. இரவு வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது பரா லைற். வெளிச்சம் வந்தால் பின்னால் ஷெல் வரும். பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு, இருட்டே பாதுகாப்பு என்று இருந்தவர். இருட்டுக்குப் பயப்படும் சிறுவனின் கதை அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. "வெளிச்சத்துக்குத்தானே பயப்படோணும்" என்று கேட்டார்.

அந்தத் தாய் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நிலவுக்கு மனிதரைக் கொண்டு போன சற்றேன்-5 ரொக்கெட்டை வடிவமைத்த வேர்னர் ஃபொன் பிரவுண், அதற்கு முன்னர் ஹிட்லரின் ஜெர்மனிக்காக வி-2 என்ற ஏவுகணையைச் செய்தவர். விண்வெளியின் எல்லையை முதலில் தொட்ட மனிதத் தயாரிப்பு அந்த வி-2தான், 1944இல். அதே ஆண்டு அது லண்டனிலும் அன்ட்வேர்ப்பிலும் வீடுகளின் மேல் விழுந்தது. அதைச் செய்வதற்காக மலைக்குள் குடைந்த தொழிற்சாலையில் வேலை வாங்கப்பட்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ரொக்கெட்டின் கதையைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு இதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாருக்குச் சொன்னேன். தங்கள் பயம் அறியாமையால் வந்ததில்லை என்று தெரிந்தபோது அவர்கள் புத்தகத்துக்குக் கொஞ்சம் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள்.

இனி இருட்டைப் பற்றி. புத்தகத்தில் வரும் இருட்டு, தனி அறையும் கட்டிலும் உள்ள ஒரு வீட்டின் இருட்டு. எங்கள் லயங்களின் இருட்டு வேறு. மலசலகூடம் வெளியே இருக்கிறது. இஸ்தோப்பில் இருந்து இறங்கினால் பாம்பு, சில இடங்களில் சிறுத்தை. குடித்து விட்டு வரும் ஆண்களின் சத்தம். பத்து, பதினொரு வயதுப் பெண் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கிறாள் என்று தாய் என்னிடம் வெட்கத்தோடு சொன்னால், முதலில் நான் விசாரிப்பது மலசலகூடம் எத்தனை அடி தூரத்தில், வழியில் வெளிச்சம் உண்டா என்பதைத்தான். "பயப்படாதே" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால் ஒரு மின்குமிழைப் போட்டுக் கொடுப்பது நல்லது. தாய் கூடப் போய் வருவது அதைவிட நல்லது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படும் பிள்ளையைக் கோழை என்று ஏசக் கூடாது. இந்த இடத்தில் புத்தகத்தோடு எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. தனியே படுக்காவிட்டால் தொலைக்காட்சி இல்லை என்று கிறிஸின் பெற்றார் சொல்வதை நான் வாசிக்கும்போது மெதுவாக்கி விடுவேன். ஒரே காம்பராவில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அந்த நிபந்தனைக்கு இடமும் இல்லை.

ஆனால் படங்கள் அருமை. அறையின் இருட்டுக்குள் நிழலோடு நிழலாக உருவங்கள் ஒளிந்திருக்கும். பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டு அவற்றை எண்ணினார்கள். பிறகு, "உங்கள் வீட்டு இருட்டில் என்ன இருக்கிறது? வரையுங்கள்" என்றேன். ஒரு பையன் சாமியாடியை வரைந்தான். ஒருவன் தன் தகப்பனையே வரைந்தான். கையில் போத்தல் இருந்தது. வெளியே சொல்ல முடியாததைப் பென்சில் சொல்லி விடுகிறது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இப்படித்தான், கதையும் களிமண்ணும் வர்ணமும் கொண்டு யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளோடு வேலை செய்தது.

வானத்துக்குப் போவேன் என்ற சிறுமி எதை வரைந்தாள்? இருட்டை அவள் வரையவில்லை. பெரிய ரொக்கெட் ஒன்றும், மேலே ஒரு நட்சத்திரமும், நட்சத்திரத்துக்குள்ளே மீசை வைத்த ஓர் ஆளும்.

அவளது தகப்பன் 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் காணாமற் போனவர். அப்போது இவள் கைக்குழந்தை. பிள்ளை கேட்கத் தொடங்கிய நாள் முதல் தாய் சொல்லி வந்த பதில், "அப்பா வானத்துக்குப் போயிட்டார், நட்சத்திரமா இருக்கிறார்." எத்தனையோ வீடுகளில் சொல்லப்படும் பதில் இது. வாசிக்கும் சகோதரிகளில் சிலரும் சொல்லியிருப்பீர்கள். அன்பினால் சொல்வது. ஆனால் சின்னப் பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக் கொள்கிறார்கள். வானத்துக்குப் போனவரை வானத்தில் போய்க் கூட்டி வரலாம்தானே? பிள்ளையின் கணக்குச் சரி. நாங்கள் ஆசை என்றும் இலட்சியம் என்றும் நினைத்துக் கைதட்டப் போனது, அவளுக்கு ஒரு தேடுதல் வேலை.

இறந்து போனவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் "தூங்குகிறார்", "பயணம் போயிருக்கிறார்" என்று சுற்றி வளைக்காமல், இறந்து விட்டார் என்ற சொல்லையே மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகளோடு வேலை செய்யும் எவரும் அறிந்த விடயம். காணாமற் போனவர் விடயத்தில் அதையும் சொல்ல முடியாது. இதற்கென்று 'தெளிவற்ற இழப்பு' என்றொரு கருத்து உண்டு. போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1970களில், வியட்நாம் யுத்தத்தில் காணாமற் போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்து முன்வைத்தது. இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று சிரிக்கவும் முடியாது. எமது நாட்டில் இதற்குச் சட்டம் ஒரு சிறு வழியை விட்டது. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறும்படி 2016இல் ஒரு திருத்தம் வந்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான். காகிதத்தில் சொல்ல இடம் கொடுத்ததை வீட்டுக்குள் பிள்ளையிடம் சொல்வதுதான் கஷ்டம்.

இந்தக் காத்திருப்பு தமிழ்த் தாய்மாருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2012 இறுதியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண்ணை வெட்டியபோது 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. 1980களின் கடைசியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் அன்று அந்தக் குழியின் ஓரத்துக்கு வந்தார்கள்.

சிறுமியின் தாயோடு இரண்டு மூன்று தடவைகள் தனியாகப் பேசினேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் தானே ஒரு நாள் பிள்ளைக்குச் சொன்னார்: "அப்பா எங்க எண்டு அம்மாவுக்குத் தெரியாது. வானத்தில இல்ல. நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறன்." பிள்ளை அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் பாடசாலைக்குப் போனாள். இவ்வளவுதான் நடந்தது. அழுது கட்டிப் பிடித்து எல்லாம் தீர்ந்தது என்று எழுதினால் அது பொய். ஆனால் அதற்குப் பிறகும் அவள் ரொக்கெட் வரைவதை விடவில்லை.

அவளுக்கும் மற்றவர்களுக்கும் இன்னொரு கதையைச் சொன்னேன். விண்வெளிக்குப் போன முதலாவது பெண் வலன்ரீனா தெரெஷ்கோவா. 1937இல் ரஷ்யக் கிராமமொன்றில் பிறந்தவர். தகப்பன் உழவு இயந்திரச் சாரதி. பின்லாந்துடன் நடந்த யுத்தத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அப்போது வலன்ரீனாவுக்கு இரண்டு வயது. தாய் பஞ்சாலையில் வேலை செய்து மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். வலன்ரீனாவும் அதே ஆலையில் வேலைக்குப் போய்க் கொண்டே தபால் மூலம் படித்தார், பரசூட் பழகினார். 1963 யூன் 16ஆம் திகதி, 26 வயதில், வொஸ்டொக்-6 விண்கலத்தில் தனியே ஏறி, ஏறக்குறைய மூன்று நாட்களில் பூமியை 48 முறை சுற்றினார். தாயிடம் பரசூட் போட்டிக்குப் போவதாகச் சொல்லி விட்டுத்தான் போனார். தாய்க்கு விடயம் தெரிய வந்தது செய்தி பரவிய பிறகே.

திரும்பி வந்தவரிடம், நாடு உமக்கு எப்படி நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். என் தகப்பன் எந்த இடத்தில் இறந்தார் என்பதைத் தேடிச் சொல்லுங்கள் என்றார் அவர். தேடினார்கள். லெமெற்றி என்ற அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவரது பிற்கால அரசியல் வேறு கதை, அது இங்கே தேவையில்லை.

இந்தக் கதையைக் கேட்ட தாய்மார் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. பஞ்சாலைத் தாயைப் பற்றித்தான் பிறகு கேட்டார்கள். அவவுக்கு எத்தனை வயது, மறுமணம் செய்தாவா, ஆலையில் என்ன சம்பளம். விண்வெளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை!

முதலில் விண்வெளிக்குப் போன யூரி ககாரினும் யுத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளைதான். ஜெர்மன் படைகள் அவரது கிராமத்தைப் பிடித்து, வீட்டை எடுத்துக் கொண்டு குடும்பத்தை வெளியே விட்டன. வீட்டுக்குப் பின்னால் மண்குடிசை ஒன்றில் இருந்தார்கள். அண்ணனையும் அக்காவையும் அடிமை வேலைக்குப் பிடித்துக் கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை 1961 ஏப்ரலில் விண்வெளிக்குப் போய், அதே ஆண்டு டிசெம்பரில் எங்கள் நாட்டுக்கும் வந்து போனார்.

விண்வெளிக் கனவு எங்கோ வெள்ளைக்காரர் நாட்டுக்கு உரியது என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். மாத்தளை மாவட்டப் பிள்ளைகளுக்கு அப்படி நினைக்கக் காரணமே இல்லை. விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். 1979இல் வெளிவந்த அவரது நாவலொன்றில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். கட்டும் இடம் சிவனொளிபாத மலையை மனதில் வைத்து எழுதிய ஒரு மலை. கதையில் வரும் பழைய அரசனின் கோட்டை எங்கள் மாவட்டத்துச் சீகிரியாவேதான், பெயர் மட்டும் வேறு. மின்தூக்கி நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்து விட்டார். நாவல் எழுதுபவருக்கு என்ன, இழுக்கலாம். இதைக் கேட்ட பையன் ஒருவன் ரிவஸ்டன் மலை மேலுள்ள அலைபரப்புக் கோபுரத்தை மின்தூக்கியாக வரைந்து கொண்டு வந்தான்.

அடுத்த ஆண்டில் இன்னொரு செய்தி வந்தது. 2019 ஏப்ரலில் இலங்கையின் ஆய்வுச் செய்மதியான ராவணா-1 அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. யூன் 17ஆம் திகதி விண்வெளி நிலையத்திலிருந்து அதன் பாதையில் விடப்பட்டது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கையில் தூக்கலாம். அதை ஜப்பானில் இருந்து வடிவமைத்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்களில் ஒருவர் பெண், துலானி சாமிகா. பத்திரிகைப் படத்தை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டினோம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அதுவரை சொல்லிக் கொண்டிருந்த பாட்டி ஒருவர் படத்தின் கிட்டப் போய்ப் பார்த்து, "சின்னப் புள்ளயாட்டம் இருக்கா" என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெண் பிள்ளையின் கனவைச் சின்னதாக்கி விடும் வேலை எல்லா நாட்டிலும் நடக்கிறது. 1992இல் விண்வெளிக்குப் போன முதலாவது கறுப்பினப் பெண் மே ஜெமிசன். முன்பள்ளியில் விஞ்ஞானியாக வருவேன் என்றபோது, "தாதியாக என்று சொல்ல வந்தாயா?" என்ற பொருளில் ஆசிரியை கேட்டாராம். அவரது சிறு வயதை வைத்தும் 2018இல் ஒரு சித்திரப் புத்தகம் வந்திருக்கிறது. அதில் பிள்ளைக்குத் துணை நிற்பவர் தாய்.

புத்தகம் வாங்க வசதியில்லை என்போருக்கு ஒரு தகவல். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழ்ச் சித்திரக் கதைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே திறந்து பிள்ளையோடு பார்க்கலாம். வானம், நிலா, நட்சத்திரம் பற்றியவையும் உண்டு. அச்சிட்டும் பயன்படுத்தலாம், அனுமதி உண்டு. ஒரு வேண்டுகோள்: தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். பிள்ளை எந்தப் படத்தில் நிற்கிறது, எதை வேகமாகத் தள்ளி விடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்தால்தான் காணலாம்.

வாசிப்பு வகுப்பின் கடைசிக் கிழமைகளில் விண்வெளி நிலையத்தைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீற்றர் வேகத்தில் போகும் அது ஒரு சுற்றை 90 நிமிடங்களில் முடித்து விடும். 2000ஆம் ஆண்டு நவம்பரில் இருந்து அதற்குள் எப்போதும் மனிதர் இருக்கிறார்கள். பொழுது பட்டுச் சிறிது நேரத்துக்குள்ளோ விடிவதற்குச் சற்று முன்னரோ எங்கள் வானத்தைக் கடந்தால், பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்று நடந்து போவது போலத் தெரியும். கடக்கும் நேரத்தை நாசா இணையத்தில் வெளியிடுகிறது.

முதல் நாள் மேகம். இரண்டாம் தடவை மாலை ஏழு மணிக்கு முன்னர் லயத்து வாசலில் எல்லோரும் நின்றோம். முகடுகளுக்கு மேலே இருந்து வெளிச்சம் ஒன்று எழுந்து மெதுவாக வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். ரொக்கெட் என்றதும் முகத்தைத் திருப்பிய அந்தத் தாய், மகனை இழுத்து அணைத்தபடி இஸ்தோப்பின் தூணோடு ஒட்டி நின்றார். வெளிச்சம் தலைக்கு மேலே வந்தது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக் கொண்டிருந்தார். அது கடந்து போய் நிழலுக்குள் மறையும் வரை நின்று விட்டு, "சத்தமே இல்ல, மிஸ்" என்றார். பிறகு அடுத்த தடவை எப்போது வரும் என்று கேட்டார்.